டொமாட்டிலோ நாற்று: எந்த அறிகுறிக்கு என்ன வைத்தியம்

டொமாட்டிலோ தக்காளியின் உறவுக்காரச் செடி. ஆனால் அதைவிட நெருங்கிய சொந்தம் சொடக்குத் தக்காளி. காயை மூடிக்கொண்டு காகிதக் கூடு போலத் தொங்கும் அந்த உறையைப் பார்த்தாலே இனம் தெரிந்துவிடும். தாயகம் மெக்சிகோ. ஸ்பானிய மொழியில் பெயருக்குச் சிறு தக்காளி என்று பொருள். தாவரவியலார் இதை பைசாலிஸ் பிலடெல்பிகா என்கிறார்கள். பழைய நூல்களிலும் விதைப் பாக்கெட்டுகளிலும் பைசாலிஸ் இக்சோகார்ப்பா என்ற பெயரும் காணப்படும். தோட்டக்காரருக்கு இரண்டும் ஒரே செடிதான்.

வளர்ந்துவிட்டால் இது முரட்டுச் செடி. ஒரு மீட்டர் உயரத்துக்கும் அதே அகலத்துக்கும் கிளை பரப்பி நிற்கும். அடிபட்டு விழுவதெல்லாம் நாற்றாக இருக்கும் முதல் ஆறேழு வாரங்களில்தான். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்த வாரங்களைப் பற்றியது. உங்கள் நாற்றுத் தட்டில் இப்போது என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

அதற்கு முன் ஒரே ஒரு வேண்டுகோள். நாற்று வாடினால் உடனே தண்ணீர் ஊற்றி, உரம் போட்டு, இடம் மாற்றி, வேப்பெண்ணெயும் தெளித்துவிடுகிறோம். எல்லாம் ஒரே நாளில். பிழைத்தாலும் எதனால் பிழைத்தது என்று தெரியாது, செத்தாலும் எதனால் செத்தது என்று தெரியாது. முதலில் அறிகுறி எங்கே தொடங்கியிருக்கிறது என்று பாருங்கள். அடி இலையிலா, நுனி இலையிலா, தண்டு மண்ணைத் தொடும் இடத்திலா? பிறகு ஒரு மாற்றம் மட்டும் செய்துவிட்டு மூன்று நாள் பொறுத்திருங்கள். நாற்றழுகல் ஒன்றுதான் இதற்கு விலக்கு. அங்கே பொறுமை கூடாது.

இரண்டு வாரமாகியும் முளைக்கவில்லை

நல்ல விதை, சரியான வெப்பம் இரண்டும் இருந்தால் 7 முதல் 14 நாளில் முளை தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது விதையை அல்ல, வெப்பத்தை. டொமாட்டிலோ விதைக்கு மண் வெப்பம் 21 முதல் 27 டிகிரி செல்சியஸ் வேண்டும். காற்றின் வெப்பத்தைச் சொல்லவில்லை, மண்ணின் வெப்பத்தைச் சொல்கிறேன். ஈரமான மண் நீர் ஆவியாவதால் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தே இருக்கும். சாதாரணச் சமையல் வெப்பமானியை மண்ணில் செருகி அதிகாலையில் ஒருமுறை பாருங்கள். 15 டிகிரிக்குக் கீழே இருந்தால் விதை தூங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தட்டை வெப்பம் கசியும் இடத்துக்கு நகர்த்துங்கள். குளிர்ப் பிரதேசமானால் நாற்றுகளுக்கென்றே விற்கும் வெப்ப விரிப்பு உதவும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. ஈரம் காயாமல் இருக்கட்டும் என்று தட்டைக் கண்ணாடி போன்ற மூடியால் மூடி, நேர் வெயில் படும் ஜன்னலில் வைப்பது. மூடிய தட்டு வெயிலில் அடுப்பாகிவிடும். உள்ளே 40 டிகிரியைத் தாண்டினால் முளைக்கத் தொடங்கிய விதைகூட வெந்துபோகும். மூடி போட்டால் நிழல், வெயில் வேண்டுமானால் மூடியை எடுத்துவிட வேண்டும்.

வெப்பம் சரிதான் என்றால் தட்டின் ஒரு குழியைக் கிளறிப் பாருங்கள். பல் குத்தும் குச்சியால் மேல்மண்ணை மெல்ல விலக்கினால் விதை கிடைக்கும். வெளிர் மஞ்சளாக, தட்டையாக, இரண்டு மில்லிமீட்டருக்கும் சிறியதாக இருக்கும். மண்ணில் தேடக் கொஞ்சம் பொறுமை வேண்டும். அதை நகத்தின் மேல் வைத்து அழுத்துங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்க வாய்ப்பு உண்டு, மூடிவிட்டுக் காத்திருங்கள். பிசுக்கென்று நசுங்கிக் கூழானால் அழுகிவிட்டது, தண்ணீர் மிகுதி. சிறு வெள்ளை வேர் வந்து நின்றுபோயிருந்தால் நடுவில் ஒருநாள் மண் காய்ந்திருக்கிறது. விதையே கண்ணில் படவில்லை என்றால் ஆழமாகப் புதைத்திருக்கலாம். ஐந்தாறு மில்லிமீட்டர் ஆழம் போதும், அதாவது விதை மறையும் அளவுக்கு மேலே மண் தூவினால் போதும். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் கிடக்கும் விதைக்கு மேலே ஏறிவரக் கையிருப்புச் சக்தி கிடையாது.

விதையே பழுதா என்று உறுதியாக அறிய ஒரு சோதனை இருக்கிறது. பத்து விதைகளை ஈரத்தாளில் பரப்பி மடித்து, மூடிய டப்பாவில் வைத்து, வெதுவெதுப்பான இடத்தில் பத்து நாள் விடுங்கள். எட்டு முளைத்தால் விதை நன்று, குறை உங்கள் மண்ணில். மூன்று முளைத்தால் குழிக்கு மூன்று நான்காக விதையுங்கள். ஒன்றும் முளைக்காவிட்டால் வேறு விதை வாங்குவதே வழி. கடையில் வாங்கிய காயிலிருந்து எடுத்த விதைகளில் இந்த ஏமாற்றம் அடிக்கடி நேரும். டொமாட்டிலோவைப் பச்சையாக, முழுதாகப் பழுப்பதற்கு முன்பே பறித்து விற்பார்கள். உள்ளிருக்கும் விதை பல நேரங்களில் முற்றியிருக்காது.

முளைத்தது, ஆனால் விதைத்தோல் தலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது

தொப்பி போட்டது போல விதைத்தோல் இரண்டு வித்திலைகளையும், அதாவது முளையோடு வரும் முதல் இரண்டு இலைகளையும், கவ்வி நிற்கும். மேலோட்டமாக விதைத்ததும், முளைத்த நேரத்தில் காற்று உலர்ந்து இருந்ததும் காரணம். விரலால் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் தொப்பியோடு தலையும் வந்துவிடும். ஒரு துளி வெதுவெதுப்பான நீரைத் தோலின் மேல் விட்டு, அரைமணி நேரம் ஊறவிட்டு, ஈரக் குச்சியின் நுனியால் தள்ளுங்கள். அசையாவிட்டால் அன்றிரவு நாற்றின் மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்து வையுங்கள். காலையில் பெரும்பாலும் தானே கழன்றிருக்கும்.

தக்காளி நாற்றுப் போலவே இல்லையே

இல்லாமல் இருப்பதுதான் சரி. தக்காளியின் உண்மை இலை, அதாவது வித்திலைக்குப் பின் வரும் இலை, விளிம்பு வெட்டுப்பட்டுப் பிரிந்திருக்கும், கசக்கினால் தக்காளி வாசம் வரும். டொமாட்டிலோவின் இலை பிரியாத முட்டை வடிவம், விளிம்பில் சிறு பற்கள் இருக்கலாம், தொட்டால் ஓரளவு வழவழப்பு. களை என்று நினைத்துப் பிடுங்கி எறிந்தவர்கள் உண்டு. இலை இதய வடிவில், பட்டுத்துணி போல மெல்லிய மயிரோடு இருந்தால் மட்டும் யோசியுங்கள். அது கேப் கூஸ்பெர்ரி என்னும் இன்னொரு பைசாலிஸாக இருக்கலாம். அந்த இரண்டின் விதையும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும்.

நாற்று நூல் போல நீண்டு சாய்கிறது

வெளிச்சக் குறை. வேறு எதையும் தேட வேண்டாம். ஜன்னலோரம் நமக்குப் பிரகாசமாகத் தெரியும். நம் கண் குறைந்த ஒளிக்கும் தன்னைச் சரிசெய்துகொள்ளும். நாற்றுக்கு அந்த வசதி இல்லை. அது ஒளியைத் தேடி நீள்கிறது, நீளும் ஒவ்வொரு நாளும் தண்டு மெலிகிறது. தட்டை அடிக்கடி திருப்பி வைப்பது சாய்வை நிமிர்த்தும், நீளத்தைக் குறைக்காது.

முளை தெரிந்த அன்றைக்கே வெளிச்சம் கொடுக்க வேண்டும், மறுநாள் அல்ல. குழல்விளக்கு அல்லது சாதாரண எல்இடி பட்டை விளக்கானால் நாற்றின் தலைக்கு மேல் ஐந்து முதல் எட்டு சென்டிமீட்டர் உயரத்தில், நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம். செடி வளர்ப்பதற்கென்றே செய்த வலுவான விளக்கானால் இன்னும் உயர்த்த வேண்டும். அதன் கீழே புறங்கையை நீட்டிப் பாருங்கள், சூடு உறைத்தால் நாற்றுக்கும் உறைக்கும். இரவில் விளக்கை அணைத்துவிடுங்கள்.

வெப்பமும் இதில் பங்காளி. முளைக்க உதவிய அதே வெப்பம், முளைத்த பிறகு நாற்றை அவசரப்படுத்தி நீளச் செய்யும். முளைத்ததும் வெப்ப விரிப்பை எடுத்துவிட வேண்டும். பகலில் 21 முதல் 24 டிகிரி, இரவில் 18 அளவில் இருந்தால் தண்டு குட்டையாகவும் தடிப்பாகவும் வரும்.

ஏற்கெனவே நீண்டுவிட்டதா? தூக்கி எறிய வேண்டியதில்லை. டொமாட்டிலோவும் தக்காளியைப் போலவே மண்ணில் புதையும் தண்டிலிருந்து வேர் விடும். முதல் சோடி உண்மை இலை விரிந்ததும் பெரிய தொட்டிக்கு மாற்றி, வித்திலை வரை தண்டைப் புதைத்துவிடுங்கள். வித்திலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் அதோடு முடிந்தது. பிறகு நாள்தோறும் நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் பத்துப் பதினைந்து முறை மெல்லத் தடவிக் கொடுங்கள். வெளியே காற்று செய்யும் வேலை இது; அசைவை உணர்ந்த தண்டு தடிக்கும். இலை ஈரமாக இருக்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

நேற்று நின்ற நாற்று இன்று படுத்துவிட்டது

இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதத் தொடங்கினேன். எனக்கு முதல் முறை இது நேர்ந்தபோது, தாகம் என்று நினைத்து இன்னும் தண்ணீர் ஊற்றினேன். இருபது நாற்றில் பதினேழு போயின. பார்க்கத் தெரிந்திருந்தால் மூன்றோடு நின்றிருக்கும்.

குனிந்து, தண்டு மண்ணைத் தொடும் இடத்தைப் பாருங்கள். வேறெங்கும் வேண்டாம். அந்த இடம் பச்சையாக, உறுதியாக இருந்து இலைகள் மட்டும் துவண்டிருந்தால் அது தாகம். தட்டின் அடியில் தண்ணீர் காட்டினால் ஒருமணி நேரத்தில் எழுந்துவிடும். அந்த இடம் மட்டும் நீர்க்கோத்து, கண்ணாடி போல ஒளி ஊடுருவி, பழுப்பேறி, கிள்ளிவிட்டது போல நூலாகச் சுருங்கியிருந்தால் அது நாற்றழுகல். மேலே இலை அப்போதும் பசுமையாகவே இருக்கும். அந்தப் பசுமையைப் பார்த்துத்தான் நாம் ஏமாறுகிறோம். பித்தியம், ரைசோக்டோனியா, ப்யூசேரியம் போன்ற மண்வாழ் நோய்க்கிருமிகளின் வேலை இது. படுத்த நாற்று எழாது. அதைக் காப்பாற்ற முயன்று பக்கத்து நாற்றுகளையும் இழக்காதீர்கள்.

உடனே செய்ய வேண்டியவை இவை. விழுந்த நாற்றையும் அது நின்ற குழி மண்ணையும் முழுதாக எடுத்து வெளியே எறியுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். மூடி இருந்தால் எடுத்துவிடுங்கள். சிறு மின்விசிறியை நேராக அல்லாமல் பக்கவாட்டில், இலை மெல்ல ஆடும் அளவுக்கு ஓடவிடுங்கள். மேல்மண் நிறம் வெளுக்கும் வரை தண்ணீரே வேண்டாம். அதன் பிறகு ஊற்றுவதானால் மேலிருந்து ஊற்றாமல் தட்டை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து, இருபது நிமிடம் உறிஞ்சவிட்டு, எஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் போன்ற, நோய்க்கிருமியை அடக்கும் நுண்ணுயிர்களைப் பற்றிக் கேட்பீர்கள். விதைக்கும்போதே மண்ணில் கலந்தால் நல்ல காவல். நோய் வந்த பிறகு ஊற்றி, விழுந்ததை எழுப்பலாம் என்று நம்ப வேண்டாம். இலவங்கப்பட்டைத் தூள் தூவுவதும் அப்படித்தான். நான் அதை மருந்தாகக் கொள்வதில்லை.

அடுத்த முறை வராமல் தடுப்பது எளிது. நாற்றுக்குத் தோட்ட மண்ணை எடுக்காதீர்கள். நன்கு கழுவிய தேங்காய் நார்க்கழிவோடு பெர்லைட் என்னும் எடையற்ற வெள்ளைக் கல்துகளோ சுத்தமான மணலோ கலந்த புதுக் கலவை போதும். பழைய குழித்தட்டுகளைச் சோப்பால் தேய்த்துக் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்ற கலவையில் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசிக் காயவிடுங்கள். நெருக்கமாக முளைத்தவற்றைக் கத்தரிக்கோலால் மண் மட்டத்தில் வெட்டிக் கலையுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

எப்போது தண்ணீர் ஊற்றுவது என்பதற்கு நாள்கணக்கு எதுவும் உதவாது. கை உதவும். ஒரே அளவிலான இரண்டு தொட்டிகளில் ஒன்றை நன்றாக நனைத்து, ஒன்றைக் காயவிட்டு, இரண்டையும் இரு கைகளில் தூக்கிப் பாருங்கள். அந்த எடை வித்தியாசம் ஒருமுறை கைக்குப் பழகிவிட்டால் போதும். அதன்பின் ஒவ்வொரு காலையும் தொட்டியைத் தூக்கினாலே விடை கிடைக்கும்.

மண்ணின் மேல் வெள்ளைப் பஞ்சு, பச்சைப் பாசி, சிறு கறுப்பு ஈக்கள்

மூன்றும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன: மேல்மண் காயவே இல்லை. வெள்ளைப் பஞ்சு பெரும்பாலும் மட்கைத் தின்னும் சாதுவான பூஞ்சை. கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு காற்றோட்டம் கொடுங்கள். பாசியும் கெடுதல் செய்யாது, தடித்த படலமானால் மட்டும் கீறிவிடுங்கள்.

ஈக்கள் அப்படியல்ல. பறப்பவை தொல்லை மட்டுமே. மண்ணுக்குள் இருக்கும் அவற்றின் புழுக்கள் மென்வேரைக் கடிக்கும். மண்ணில் ஒரு துண்டு உருளைக்கிழங்கை வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, இரண்டு நாள் கழித்துப் புரட்டிப் பாருங்கள். கறுப்புத் தலையும் கண்ணாடி உடலுமாகப் புழுக்கள் ஒட்டியிருந்தால் உறுதி. மேல்மண்ணை ஒரு சென்டிமீட்டராவது காயவிடுங்கள், மஞ்சள் ஒட்டுப்பொறியைத் தொட்டி விளிம்பில் செருகுங்கள். மிகுந்துவிட்டால் கொசுப்புழுவுக்கு எதிராகப் பயன்படும் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் இஸ்ரேலென்சிஸ் என்ற பாக்டீரியாவைப் பாசன நீரில் கலந்து ஊற்றலாம். சுழற்சி முடிய மூன்று நான்கு வாரம் ஆகும், ஒரே முறை ஊற்றிவிட்டு நிறுத்தக் கூடாது.

இலையின் நிறம் மாறுகிறது

வித்திலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்ந்தால் கவலை வேண்டாம். நான்கு உண்மை இலை வந்த பிறகு அவற்றின் வேலை முடிந்தது.

அடி இலைகள் முழுதாக வெளுத்து மஞ்சளாகி, அது மெல்ல மேலேறினால் தழைச்சத்து (நைட்ரஜன்) பசி. தேங்காய் நார்க்கழிவில் சத்து என்று சொல்ல அநேகமாக எதுவும் இல்லை. விதையின் கையிருப்பு தீர்ந்ததும் நாற்று பட்டினி கிடக்கும். முதல் உண்மை இலை விரிந்ததும், திரவ உரத்தைச் சொல்லப்பட்ட அளவில் கால் பங்காகக் கரைத்து வாரம் ஒருமுறை கொடுக்கத் தொடங்குங்கள். மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது. புது இலை எந்த நிறத்தில் வருகிறது என்பதைப் பார்த்தே மருந்து வேலை செய்கிறதா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஆனால் உரப்பாட்டிலை எடுக்குமுன் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் அது பசியல்ல, வேர் மூச்சுத் திணறுகிறது. அந்த நிலையில் உரம் கொடுப்பது வயிறு சரியில்லாதவருக்கு விருந்து வைப்பது போல.

நுனி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சைக் கோடாக நின்றால் இரும்புச்சத்து வேருக்குள் ஏறவில்லை. மண்ணில் இரும்பு இல்லை என்பதைவிட, உப்புத் தண்ணீரால் மண் காரத்தன்மை ஏறியிருப்பதோ, வேர் நீரில் ஊறிக்கிடப்பதோதான் பெரும்பாலும் காரணம். மழைநீரோ வடிகட்டிய நீரோ சில நாள் ஊற்றிப் பாருங்கள். அடி இலையில் நரம்புகளுக்கு நடுவே மஞ்சள் படர்ந்தால் மக்னீசியக் குறை.

இலையின் அடிப்பக்கமும் தண்டும் ஊதா நிறமேறினால் அது குளிரின் கையெழுத்து. மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இருந்தாலும் குளிர்ந்த வேரால் அதை எடுக்க முடியாது. உரம் போடாதீர்கள், வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றுங்கள். ஒரு வாரத்தில் புது இலை பச்சையாக வரும். சில வகைகளில் ஊதாச் சாயல் பிறவியிலேயே உண்டு. காய் ஊதாவாகும் வகை என்றால் தண்டின் நிறத்தைப் பார்த்து அஞ்ச வேண்டாம்.

இலை நுனி கருகி, மண்ணின் மேல் வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தால் உப்பு. கழுவாத நார்க்கழிவில் இது அதிகம். தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றி, அடித்துளை வழியே முழுதாக வடியவிடுங்கள். அதன்பின் நன்கு காயும் வரை அடுத்த தண்ணீர் இல்லை.

இலை சுருள்கிறது, ஓட்டை விழுகிறது, கொப்புளம் எழுகிறது

இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் பச்சையோ கறுப்போ ஆன அசுவினிக் கூட்டம் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. தொட்டியைச் சாய்த்துப் பிடித்துத் தண்ணீரால் பீய்ச்சி அலசுங்கள், மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம். போதாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் ஐந்து மில்லி மென்மையான திரவச் சோப்பு கலந்து மாலையில் தெளியுங்கள். முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து ஒருநாள் பார்த்த பிறகு மற்றவற்றுக்கு. மெல்லிய வலை பின்னியிருந்து இலை புள்ளிப்புள்ளியாக வெளுத்தால் சிலந்திப்பேன். உலர்ந்த சூடான அறையில் வரும். வைத்தியம் அதேதான்.

பூச்சி எதுவும் இல்லாமல் இலை விளிம்பு கிண்ணம் போல மேல்நோக்கி மடங்கினால் விளக்கு மிக அருகில் இருக்கிறது. அடிப்பக்கத்தில் நீர்க்கொப்புளம் போலச் சிறு மேடுகள் இருந்தால் வேர் உறிஞ்சிய நீரை இலையால் வெளியேற்ற முடியவில்லை. தண்ணீரைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால் சரியாகும். குண்டூசியால் குத்தியது போல ஓட்டைகள் வெளியே வைத்த நாற்றில் மட்டும் தெரிந்தால், தொட்டதும் துள்ளிப் போகும் தத்து வண்டுகளின் வேலை. மெல்லிய வலைத்துணியால் மூடுங்கள், நாற்று தேறிய பிறகு அது தாங்கிக்கொள்ளும்.

புது இலை கரும்பச்சையும் வெளிர்பச்சையுமாகத் திட்டுத்திட்டாக, முறுக்கிக்கொண்டு, நூல் போல ஒடுங்கி வந்தால் அது வைரஸ். மருந்து இல்லை. அந்த நாற்றை அகற்றிக் கைகழுவுங்கள். புகையிலை மொசைக் வைரஸ் இந்தக் குடும்பத்துச் செடிகளைத் தாக்கும். புகையிலையைத் தொட்ட கையால் நாற்றைத் தொட வேண்டாம்.

வெளியே வைத்ததும் இலை வெள்ளைத் தாளாகிவிட்டது

வெயில் சுட்டிருக்கிறது. விளக்கின் கீழ் வளர்ந்த இலைக்கு வெயிலின் அறிமுகமே இல்லை. வெந்த திட்டுகள் ஆறாது, ஆனால் நுனி மொட்டு பச்சையாக இருந்தால் செடி பிழைக்கும். நிழலுக்கு மாற்றி, மறுபடி முதலிலிருந்து பழக்குங்கள்: முதல் நாள் முழு நிழலில் ஒருமணி நேரம், பிறகு நாளுக்கு ஒருமணி கூட்டி, நான்காம் நாள் முதல் இளங்காலை வெயில், ஏழு முதல் பத்து நாளில் முழு நாள். அவசரம் உள்ளவர்கள் எல்லோரும் இந்தப் பத்து நாளில்தான் கை வைக்கிறார்கள். இதைச் சேமித்தால் மூன்று வாரம் இழப்போம்.

நட்ட பிறகு அசையாமல் நிற்கிறது

முதல் பத்து நாள் அப்படித்தான் நிற்கும். வேர் கீழே வேலை செய்கிறது. அதற்கு மேலும் நின்றால் இரவு வெப்பத்தைப் பாருங்கள். 10 டிகிரிக்குக் கீழே போனால் வளர்ச்சி நின்றுவிடும், உறைபனி பட்டால் செடியே போகும். குளிர்ப் பிரதேசத்தார் கடைசி உறைபனிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு விதைப்பது இதற்காகத்தான். இன்னொரு காரணம், தொட்டிக்குள் சுருண்டுகொண்ட வேர். நடும்போது வேர்ப்பந்து வளையம் வளையமாகச் சுற்றியிருந்தால் விரலால் பிரித்துவிட்டே நட வேண்டும். வேர் அடைபட்ட நாற்று சிறு தொட்டியிலேயே பூக்கவும் தொடங்கும். அந்த முதல் பூக்களை நான் கிள்ளிவிடுவேன்.

பூத்துக் குலுங்குகிறது, ஒரு காய்கூட இல்லை

எத்தனை செடி வைத்திருக்கிறீர்கள்? ஒன்று என்றால் விடை அதுதான்.

டொமாட்டிலோ தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் சேர்ந்தே இருந்தாலும், தன் மகரந்தம் சூல்முடியில் விழுந்தால் அது சூலகம்வரை போகவிடாமல் செடி தடுத்துவிடும். அடுத்த செடியின் மகரந்தம் வேண்டும். தக்காளி ஒற்றைச் செடியிலேயே காய்த்துத் தள்ளுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதை எதிர்பார்ப்பதில்லை. நாற்றுப் பருவத்தில் எல்லாவற்றையும் சரியாகச் செய்து, மிக அழகான ஒரே நாற்றை மட்டும் தேர்ந்தெடுத்து, மீதியைக் களைந்துவிட்டு, மூன்று மாதம் மஞ்சள் பூக்களை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு வேதனை என்பதை அனுபவித்தவர்களுக்கே தெரியும்.

அதனால் கலைக்கும்போதே குறைந்தது இரண்டு செடி, முடிந்தால் மூன்று செடி வைத்திருங்கள். ஒரே காயின் விதையிலிருந்து வந்த உடன்பிறப்புகள் சில நேரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. மூன்றாவது செடி அதற்குக் காப்பு. ஒரே செடியின் கிளையை வெட்டி வேர்விடச் செய்து இரண்டாவது செடி ஆக்குவது பயன்படாது. அது இன்னொரு செடி அல்ல, அதே செடிதான். வெவ்வேறு வகைகளைப் பக்கத்தில் வைப்பது நல்லதே, காய் வரும். ஆனால் அந்த விதையை எடுத்து விதைத்தால் தாயைப் போலவே வராது. இரண்டு செடிக்கு நடுவே ஏறத்தாழ 90 சென்டிமீட்டர் இடம் விடுங்கள்.

இரண்டு மூன்று செடி இருந்தும் காய்க்கவில்லை என்றால் தேனீ வரவில்லை. மாடியிலும் வீட்டுக்குள்ளும் வளர்ப்பவர்களுக்கு இது வழக்கம். மெல்லிய தூரிகையை எடுத்து, வெயில் ஏறிய காலையில், நன்கு விரிந்த பூவைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். மஞ்சள் இதழ்களின் அடியில் ஐந்து கரும் புள்ளிகள், நடுவே நீலச்சாயல் கொண்ட மகரந்தப் பைகள். பை வெடித்து மாவு தெரிந்தால் தூரிகையால் தொட்டு எடுத்து, அடுத்த செடியின் பூ நடுவே நிற்கும் காம்பின் நுனியில் தடவுங்கள். பிறகு அங்கிருந்து இங்கே. வாரம் மூன்று நாள் போதும்.

பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டும் நாள்களில் பூ உதிர்வது இயல்பு. வெக்கை தணிந்ததும் பிடிக்கும். தழைச்சத்து மிகுந்தால் இலை அடர்ந்து காய் குறையும்; பூக்கத் தொடங்கியதும் அந்த உரத்தை நிறுத்திவிடுங்கள்.

உறை தொங்குகிறது, உள்ளே காய் இல்லை

பொறுங்கள். பூவின் அடியிலிருக்கும் புல்லிவட்டமே வளர்ந்து உறையாகிறது, முதலில் உறை, பிறகு காய். மெல்லிய விளக்குக் கூடு போல வெறுமையாகச் சில வாரம் தொங்குவதைக் கண்டு செடியைப் பிடுங்க வேண்டாம். அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில் 5 கோடியே 20 லட்சம் ஆண்டுப் பழமையான பாறையில் இதே உறையோடு ஒரு பைசாலிஸ் காய் கல்லாகக் கிடைத்ததை 2017இல் வெளியிட்டார்கள். அவ்வளவு காலமாக இந்தக் குடும்பம் காய்க்கு முன் கூடு கட்டிவருகிறது.

இரண்டு விரலால் உறையை மெல்ல அழுத்திப் பாருங்கள். உள்ளே பட்டாணி அளவில் ஏதோ உருண்டால் எல்லாம் நல்லபடி போகிறது. மூன்று நான்கு வாரமாகியும் காற்று மட்டுமே என்றால் மகரந்தம் போதவில்லை அல்லது அந்தப் பூவின் மேல் வெக்கை அடித்திருக்கிறது; தூரிகையை மறுபடி எடுங்கள். உறையில் பக்கவாட்டில் ஓட்டை இருந்தால் உள்ளே புழு போயிருக்கும், அதைப் பறித்து அழித்துவிடுங்கள்.

காய் பெருத்து உறையை நிரப்பும். நட்டதிலிருந்து இதற்கு ஏறத்தாழ 60 முதல் 75 நாள். உறை இறுகி, நிறம் வெளுத்து, காகிதம் போலச் சரசரத்து, அடிப்பக்கம் கிழியத் தொடங்கும்போது பறிக்கலாம். உரித்ததும் காயின் மேல் விரல் ஒட்டும் அளவுக்குப் பிசுபிசுப்பு இருக்கும். இதை நோய் என்று நினைத்துக் கேட்பவர்கள் நிறைய. நோயல்ல, காயின் இயல்பான பூச்சு அது. வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்தால் போய்விடும். உறையையும் இலையையும் தண்டையும் மட்டும் வாயில் வைக்காதீர்கள், அவற்றில் நச்சு உண்டு.